கத்தி வைக்கும் முன் ஒன்றரை நிமிடம்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அறுவை அரங்கப் பணியாளர்களுக்கு நீங்கள் இந்த மாதம் அனுப்பிய சுற்றறிக்கையின் நகல் என் கையில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டாம். உங்கள் அரங்கில் 14 ஆண்டுகள் நின்றவள் நான். அங்கே ஒன்று மாறினால் என் காதுக்கு வராமல் போகாது.

சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் உள்ளன. ஒரு கேஸ் முடிந்து அடுத்த கேஸ் மேசைக்கு வருவதற்கான இடைவெளியை 30 நிமிடத்திலிருந்து 15 ஆகக் குறைத்திருக்கிறீர்கள். காலையில் அன்றைய அறுவைகளின் லிஸ்ட் தொடங்கும் முன் எல்லோரும் நின்று பேசும் 10 நிமிடத்தை எடுத்துவிட்டீர்கள். மூன்றாவதாக, பாதுகாப்பு செக்லிஸ்ட்டை இனி ஒரே ஒரு செவிலியர், நோயாளி அரங்குக்குள் வருவதற்கு முன்பே, வெளி அறையில் வைத்து டேப்லெட்டில் நிரப்பிவிட வேண்டும். கத்தி வைக்கும் முன் வாய்விட்டுச் சொல்லும் 'டைம் அவுட்' தேவைப்பட்டால் மட்டும் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் இரண்டையும் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசலாம். மூன்றாவதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே வேலை செய்யும் பிள்ளைகள் பேச முடியாத இடத்தில் இருக்கிறார்கள். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டீர்கள். ஆகவே நான் பேசுகிறேன்.

இந்த மடலை வெளியார் பலரும் படிப்பார்கள் என்பதால் டைம் அவுட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு பட்டியலை வெளியிட்டது. 19 கேள்விகள், மூன்று நிறுத்தங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒன்று, தோலில் கத்தி வைக்கும் முன் ஒன்று, நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன் ஒன்று. நடுவில் இருப்பதுதான் டைம் அவுட். அந்த நேரத்தில் எல்லோர் கையும் நிற்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டும். மானிட்டர் சத்தம் மட்டும் கேட்கும். ஒருவர் நோயாளியின் பெயரைச் சொல்வார். என்ன அறுவை, எந்தப் பக்கம், ஆன்டிபயாட்டிக் கடந்த 60 நிமிடத்துக்குள் போனதா, எவ்வளவு ரத்தம் போகலாம், கருவிகள் எல்லாம் ஸ்டெரைல் ஆனவையா, யாருக்காவது ஏதாவது சந்தேகம் உண்டா. அரங்கில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும். எங்கள் கையில் இதற்கு ஒன்றரை நிமிடம் ஆகும். கேள்விக்குப் பதில் உடனே கிடைக்காத நாளில் மூன்று நிமிடம்.

டிரேப் போட்ட பிறகு மேசையில் ஆள் தெரியமாட்டார். பச்சைத் துணிக்கு நடுவே பெட்டடைன் பூசிய ஒரு சாண் தோல் தெரியும், அவ்வளவுதான். அது யாருடைய தோல் என்பது அரங்கில் நிற்பவர்களுக்கு மறந்துபோவது கொடுமையால் வருவதில்லை, வேலையின் இயல்பு அது. காலையிலிருந்து ஐந்தாவது ஹெர்னியா என்றால் ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு பெயரைச் சத்தமாகச் சொன்னால், துணிக்கு அடியில் இருப்பவர் திரும்பவும் ஆளாகிறார். நான் இதைப் பலநூறு முறை பார்த்திருக்கிறேன். பெயர் சொன்னதும் மருத்துவரின் குரல் கொஞ்சம் தாழும்.

உங்கள் அலுவலகத்தில் 'நியர் மிஸ்' என்று, நூலிழையில் தப்பிய தவறுகளை எழுதிவைக்கும் ஒரு பதிவேடு இருக்கிறது. 2019இல் என் கையெழுத்தில் அதில் ஒரு பதிவு உண்டு. அதைப் படித்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். படிக்காதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தறி ஓட்டும் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், ஹெர்னியாவுக்கு வந்திருந்தார். கேஸ் ஷீட்டிலும் ஒப்புதல் படிவத்திலும் வலது பக்கம். அன்றைய லிஸ்ட்டைத் தட்டச்சு செய்தவர் இடது என்று அடித்துவிட்டார். சுவரில் ஒட்டியிருந்தது லிஸ்ட். எல்லோரும் பார்த்தது அதைத்தான். வார்டில் பேனாவால் பக்கத்தைக் குறிக்காமல் அனுப்பியிருந்தார்கள். முதுகில் ஊசி போட்டு, பயப்படுகிறார் என்று தூக்கத்துக்கும் லேசாகக் கொடுத்திருந்தார்கள், அவரால் சொல்ல முடியாது. இடது பக்கம் பெட்டடைன் பூசி, டிரேப் போட்டு, கத்தி கையில் வந்தாயிற்று.

டைம் அவுட்டில் நான் ஒப்புதல் படிவத்தைப் பார்த்துப் படித்தேன். 'வலது' என்று என் வாயில் வந்தபோது எனக்கே அது உறைக்கவில்லை. பணியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆன, மருத்துவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் பெண்தான், "மேடம், வலதுன்னு படிச்சீங்க, நாம இடதுல இல்லீங்க நிக்கிறோம்" என்றாள். மாஸ்க்குக்கு உள்ளே அவள் குரல் நடுங்கியது. அறுவை மருத்துவர் கத்தியைத் தட்டில் வைத்தார். ஒன்றும் பேசாமல் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். டிரேப்பை எடுத்து, மறுபடி சுத்தம் செய்து, மறுபடி போர்த்தி ஆரம்பிக்க 11 நிமிடம் ஆனது. முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நல்லா செஞ்சேம்மா" என்றார். பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? டைம் அவுட்டில் அவள் சொல்லியிருந்தாள்.

உங்கள் புதிய முறையில் இந்த நிகழ்ச்சியை ஓட்டிப் பாருங்கள். வெளி அறையில் ஒரு செவிலியர் டேப்லெட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார். 'சரியான பக்கம்' என்ற கட்டத்தைத் தொடுகிறார். அந்த நொடியில் எந்தப் பக்கத்திலும் பெட்டடைன் பூசியிருக்காது. கேள்வியே இன்னும் பிறக்கவில்லை, பதில் பதிவாகிவிட்டது. இனி அரங்குக்குள் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள், ஏனென்றால் டேப்லெட்டில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கிறது. அந்தத் தறிக்காரர் விழித்துப் பார்க்கும்போது நோவில்லாத பக்கத்தில் தையல் இருக்கும்.

நான் குறை சொல்லும் இடத்தில் மட்டும் நின்று பேசக்கூடாது. என் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2006. நான் அப்போது வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். ஒரே இரவில் மூன்று சிசேரியன். மூன்றாவதுக்கு நான்தான் சர்க்குலேட்டிங், அதாவது மேசைக்கு வெளியே நின்று வேண்டியதை எடுத்துக் கொடுக்கும் செவிலியர். வயிற்றை மூடும் முன், ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணிகளான மாப்களை எண்ண வேண்டும். ஐந்தைந்தாகக் கட்டி வரும், பிரித்து ஒவ்வொன்றாகத் தொட்டு, ஸ்க்ரப் நர்ஸும் நானும் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். அன்றைக்கு அதிகாலை நான்கு மணி இருக்கும். ரத்தம் தோய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த மாப்களைக் குவியல் குவியலாகக் காட்டி, "அஞ்சு, பத்து, பதினஞ்சு" என்றேன். அவளும் "பதினஞ்சு" என்றாள். "கவுண்ட் கரெக்ட், டாக்டர்" என்று நான்தான் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண் காய்ச்சலும் வயிற்று வீக்கமுமாகத் திரும்பி வந்தாள். எக்ஸ்ரேயில் மாப்பில் கோத்திருக்கும் கோடு வெள்ளையாக, சுருண்டு தெரிந்தது. மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். குழந்தையை அவள் அம்மா வீட்டில் வைத்திருந்தார்கள், பால் கொடுக்க முடியவில்லை. டிரெஸ்ஸிங் மாற்றப் போன என்னிடம், கோபமே இல்லாமல், "சிஸ்டர், நீங்க எண்ணலீங்களா?" என்று கேட்டாள்.

எண்ணினேன். அதுதான் என்னைப் பல வருடம் தூங்கவிடாமல் வைத்திருந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் சோம்பேறித்தனம் என்று சொல்லி அழுது முடித்திருப்பேன். வாய் எண்ணியது, விரல் காட்டியது, பதிவேட்டில் கை எழுதியது. நான் மட்டும் அங்கே இல்லை. பிறகுதான் 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்தேன். நோயாளியின் உடலுக்குள் துணியோ கருவியோ விட்டுப்போன சம்பவங்களை ஆராய்ந்திருந்தார்கள். எண்ணிக்கை நடந்திருந்த கேஸ்களில் 88 விழுக்காட்டில் 'எண்ணிக்கை சரி' என்றே பதிவாகியிருந்தது. என்னைப் போல எத்தனை பேர் உலகம் முழுக்கத் தூங்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பழகிய கை தேவைதான். பழகாத கையோடு அரங்கில் நிற்க முடியாது. ஊசியை எந்தக் கோணத்தில் நீட்டுவது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தால் நோயாளி செத்துப்போவார். ஆனால் பழக்கம் தான் எதிர்பார்ப்பதைத்தான் காணும். பதினைந்து இருக்கும் என்று எதிர்பார்த்த கண்ணுக்குப் பதினான்கும் பதினைந்தாகத்தான் தெரியும். அந்தக் கண்ணை உலுக்கி ஒருமுறை திருப்ப, வேலைக்கு உள்ளேயே ஓர் இடம் வேண்டும். வெளி அறையில், அரை மணி நேரம் முன்னால் வைத்தால் அது திருப்பாது.

என் அப்பா ரயில்வேயில் இருந்தார். ஈரோட்டில் வளர்ந்த எனக்கு அவர் வண்டியில் போவதும் வருவதும்தான் கடிகாரம். இன்ஜினில் டிரைவரும் அசிஸ்டன்ட்டும் வரும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் ரயில் ஊழியர்கள் விரலை நீட்டிக் காட்டியும் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அது வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. இரவு படுக்கும் முன் அடுப்பருகே போய் "கேஸ் மூடியாச்சு" என்பார், அம்மா எங்கிருந்தாலும் எட்டிப் பார்த்து "மூடியாச்சு" என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்கு அது தொந்தரவாக இருந்தது. ஒருநாள் கேட்டேன், பச்சை என்றால் இரண்டு பேருக்கும் கண் தெரியும்தானே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று. "கண்ணு, சிவப்புன்னா வாய் தானா சொல்லிரும். பச்சையச் சொல்லணும்னாத்தான் ஒருக்கா பார்த்தாகணும்" என்றார்.

எட்டாம் வகுப்புதான் அவர் படிப்பு. செயலைப் பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நர்சிங் படிக்கும்போது நெறிமுறைத் தாளில் அரிஸ்டாட்டில் பற்றி இரண்டு பக்கம் மனப்பாடம் செய்தோம். முடிந்துபோனதைப் பற்றி யாரும் ஆலோசிப்பதில்லை, நம்மால் வேறாக்கக்கூடியதைப் பற்றித்தான் ஆலோசிக்கிறோம் என்று அவர் சொன்னதாக. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பிறகு மறந்துவிட்டேன். அரங்கில் நின்ற பிறகுதான் விளங்கியது. தோலில் கத்தி படும் வரை எல்லாவற்றையும் வேறாக்கலாம். நோயாளியைத் திருப்பி வார்டுக்கே அனுப்பலாம். கத்தி பட்ட பிறகு பாதி முடிந்துபோனது. ஆலோசிப்பதற்கு உரிய கடைசி இடம் எதுவோ, அந்த இடத்தில்தான் டைம் அவுட்டை வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதை அங்கிருந்து பெயர்த்து வெளி அறைக்குக் கொண்டுபோகிறீர்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு செவிலியரும் விளக்கேற்றும் விழாவில் ஓர் உறுதிமொழி எடுக்கிறோம். நைட்டிங்கேல் பெயரில் இருந்தாலும் அவர் எழுதியதில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர நர்சிங் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற அம்மையார் தலைமையில் எழுதினார்கள். தீங்கு செய்யும் மருந்தைத் தெரிந்தே கொடுக்கமாட்டேன் என்று அதில் வரும். கையில் விளக்கோடு பத்தொன்பது வயதில் அதைச் சொன்னபோது எனக்குச் சுலபமாக இருந்தது. தெரிந்தே யார் கொடுப்பார்கள்? 2006க்குப் பிறகு அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். பதினான்கு மாப் என்று எனக்குத் தெரியாது, உண்மை. ஆனால் தெரிந்துகொள்ள எனக்கு நேரம் இருந்தது, கண் இருந்தது, அது என் வேலையாகவும் இருந்தது. பார்க்காமல் இருந்துவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது எந்த வகை தெரியாமை? என் மனச்சாட்சி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போது நீங்கள், பார்ப்பதற்கு முன்பே 'பார்த்தேன்' என்று பதியச் சொல்கிறீர்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் எடுத்த உறுதிமொழியைக் காலையில் எட்டு முறை மீறக் கற்றுக்கொடுக்கிறீர்கள். முதல் நாள் அவர்களுக்குக் கை கூசும். இரண்டாம் வாரம் கூசாது. எனக்கு மிகவும் பயமாக இருப்பது அந்த இரண்டாம் வாரம்தான்.

உங்கள் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கும் காரணங்களுக்கு வருகிறேன்.

'அனுபவம் மிக்க குழுக்களுக்கு இது தேவையில்லை' என்கிறீர்கள். அந்தப் பட்டியலை முதன்முதலில் சோதித்தது எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில். லண்டன், சியாட்டில், டொராண்டோ, ஆக்லாந்து, மணிலா, அம்மான், தான்சானியாவின் இஃபகாரா, நம் புதுடெல்லி. அங்கெல்லாம் அனுபவம் இல்லாதவர்களா இருந்தார்கள்? அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆயின. 2009இல் இந்த முடிவு வெளியானது.

'மற்ற இடங்களில் பட்டியலால் பெரிய மாற்றம் இல்லை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனடாவின் ஒன்டாரியோவைத்தான் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேர்மையாகப் பேசுவோம், அதுவும் உண்மை. 101 மருத்துவமனைகளில் பட்டியலைக் கட்டாயமாக்கிய பிறகு, முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும் ஒப்பிட்டு, 2014இல் வெளியிட்டார்கள். இறப்பு 0.71இலிருந்து 0.65 ஆனது, புள்ளிவிவரக் கணக்கில் அது மாற்றமே இல்லை. ஆனால் அந்த ஆய்வில் பட்டியலை நிரப்பியதாக மருத்துவமனைகள் அறிவித்த விகிதத்தையும் பாருங்கள். கிட்டத்தட்ட நூறு. எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள், மூன்று மாதம் போதாது என்பது அதில் ஒன்று. அரங்கில் நின்ற எனக்கு ஒரு காரணம் போதும். மேலிருந்து ஆணை வந்தால் காகிதம் நிரம்பும். மனிதர்கள் நின்று பார்த்தார்களா என்று காகிதத்துக்குத் தெரியாது. ஒன்டாரியோவைப் படித்த நீங்கள் நிற்பதை வலுப்படுத்தியிருக்க வேண்டும். நிற்பதை நீக்கிவிட்டு டிக்கை வைத்துக்கொண்டீர்கள்.

நேரம் என்கிறீர்கள். ஒரு நாளைக்கு எட்டு கேஸ் என்றால் டைம் அவுட்டுக்கு மொத்தம் 12 நிமிடம். ஸ்டெரிலைசேஷன் அறையிலிருந்து செட் வராமல் நாங்கள் காத்திருந்த நேரத்தை ஒரே ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நின்ற நேரத்தை எழுதுங்கள். முதல் கேஸுக்கு வரவேண்டியவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதுங்கள். அதிலெல்லாம் கை வைக்க உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். யாரும் எதிர்க்காத ஒன்றரை நிமிடம் அகப்பட்டது.

பெயர் சொல்லிக்கொள்வது சம்பிரதாயம் என்று உங்களில் ஒருவர் கூட்டத்தில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். 2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் அறுவைக்குப் போனார். சாதாரண அறுவை. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக் குழல் அடைபட்டது. அரங்கில் நல்ல அனுபவமுள்ள மருத்துவர்கள் இருந்தார்கள். குழாயை இறக்க 20 நிமிடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டும் என்று அங்கிருந்த செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் அதற்கான செட்டையே கொண்டுவந்து, வந்துவிட்டது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொன்னார்; மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான் அதிகமாகப் பதறுகிறோமோ என்று நினைத்து, படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 13 நாள் கழித்து எலெய்ன் இறந்தார். அவர் கணவர் மார்ட்டின் விமானி. விமானத்தில் யார் வேண்டுமானாலும் கேப்டனை நிறுத்திக் கேட்க முடியும் என்று பழக்கியிருக்கிறார்களே, இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்டு, 2007இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அந்தச் செவிலியர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் தெரியும். தெரிந்ததைச் சொல்லும் வாய் திடீரென்று அவசரத்தில் திறக்காது. கேஸ் ஆரம்பிக்கும் முன் ஒருமுறை திறந்திருக்க வேண்டும். "நான் இன்னார், ஸ்க்ரப்" என்று மூன்று சொல் சொன்னவளால்தான் பத்து நிமிடம் கழித்து "சார், நாம இடதுல நிக்கிறோம்" என்று சொல்ல முடியும். உங்கள் டேப்லெட்டில் அவள் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், அவள் சொல்லத் தேவையில்லை. அதனால் அவள் வாயும் திறக்காது.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

மூன்றாவது முடிவைத் திரும்பப் பெறுங்கள். 'தேவைப்பட்டால்' என்ற சொல்லை அடித்துவிட்டு, ஒவ்வொரு கேஸிலும் கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். டேப்லெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் டைம் அவுட் பக்கம், நோயாளி மேசைக்கு வந்து டிரேப் போட்ட பிறகுதான் திறக்கும்படி செய்யுங்கள். ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துப் படிக்க வேண்டும், சுவரில் ஒட்டிய லிஸ்ட்டைப் பார்த்துப் படிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

15 நிமிட இலக்கை வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. ஆனால் டைம் அவுட்டும் மாப் எண்ணிக்கையும் அந்தக் கணக்கில் வரக் கூடாது. எண்ணும்போது எந்த மேற்பார்வையாளரும் கதவைத் திறந்து 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்கக் கூடாது. இரவு கேஸ்களில் எண்ணிக்கைக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், ஆள் குறைவு என்று ஒருவரை வைத்து முடிக்கக் கூடாது.

கேஸை நிறுத்திக் கேள்வி கேட்டவர் யாராக இருந்தாலும், அவர் கேட்டது தவறாகவே முடிந்தாலும், விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பக் கூடாது. நேரத்துக்கான ஊக்கப் புள்ளி அவர் குழுவுக்குக் குறையவும் கூடாது. இதைத் தலைமை அறுவை மருத்துவரின் கையெழுத்தோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நான்கு அரங்கிலும் ஒட்டுங்கள். டெக்னீஷியன்களும் துப்புரவுப் பணியாளர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஒருமுறை கீழே விழுந்த மாப்பைக் கண்டெடுத்துக் கொடுத்தவர் தரை துடைக்கும் அம்மாதான்.

நியர் மிஸ் பதிவேட்டை 2015லிருந்து எடுத்து, குழுவின் அடுத்த கூட்டத்தில் பக்கம் பக்கமாக வாய்விட்டுப் படியுங்கள். சுருக்கம் போதாது.

குழு உறுப்பினர்களில் ஒருவராவது, ஒரு நாள், காலை ஏழரைக்கு அரங்க உடை மாற்றிக்கொண்டு, லிஸ்ட் முடியும் வரை ஓரமாக நில்லுங்கள். டைம் அவுட்டில் உங்கள் முறை வரும்போது உங்கள் பெயரையும் வேலையையும் சொல்லுங்கள்.

பதில் எனக்கு வர வேண்டியதில்லை. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அதைச் செவிலியர் உடைமாற்றும் அறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் ஒட்டுங்கள். காலைப் பணிக்கு வரும் பிள்ளைகள் தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்ளும்போது அதைப் படித்துவிட்டு உள்ளே போவார்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற அறுவை அரங்கச் செவிலியர் ஒருவர்